பள்ளம் இல்லாத தரை

சீமெந்துக் கலவையைக் கரண்டியில் அள்ளி, தரையிலிருந்த பள்ளத்துக்குள் வழித்து, மட்டக்கோலை இழுத்துப் பார்த்தன அந்தக் கைகள். நூல் நுழைய இடமில்லை. அடுத்த பள்ளத்துக்கு நகர்ந்தன.

கண்டிக்கு வெளியே மேட்டில் நிற்கும் அந்தக் கட்டடம் கத்தோலிக்கத் துறவிகளுக்காகக் கட்டிய மடம். அவர்கள் போனபின் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரி, பிறகு பள்ளிக்கூட விடுதி, அதன்பின் கார்மென்ட் தொழிற்சாலை. இப்போது ஹோட்டலாகிறது. துறவிகளின் சிற்றாலயம்தான் கல்யாண மண்டபம். ஆட்டம் போடத் தோதாகச் செங்கல் தரை மட்டமாக வேண்டுமாம்.

மஹய்யாவக் கொத்தனார் லியோன் பாஸ் கைவைத்த தரையில் தண்ணீர் தேங்காது. அவர் யாரிடமும் தொழில் படிக்கவில்லை. பிறர் பூசியதை உடைத்து உடைத்துக் கற்றவர். சுவரோரம் பள்ளங்கள் சோடி சோடியாக இருப்பதை முதல் நாளே கண்டார். மனைவி டொரதி இங்கே கார்மென்டில் தைத்தவள். மெஷின் கால் அதிர்ந்து தேய்ந்த இடம் என்று தானாகவே முடிவு கட்டினார்.

கடைசிச் சோடி மிஞ்சியிருந்தபோது, வயர் இழுக்க வந்த அலவத்துகொட ஷிராஸ் அந்த இடத்தில் மண்டியிட்டான். முழங்கால் இரண்டும் பள்ளத்தில் அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தன. குனிந்து பார்த்தான்.

"பாஸ், இது மெஷின் கால் இல்ல. எங்கட பள்ளியில தொழுற பழைய பாயும் இப்பிடித்தான் தேஞ்சி ஈக்கும். உங்கட சாமிமார் முட்டுக்கால் போட்ட இடம்."

லியோன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கோயிலுக்குப் போற ஆள்தானே நீங்க? தெரியல்லயா?" ஷிராஸ் சிரித்தான்.

லியோனுக்கு முகம் சுட்டது. ஞாயிறு பூசையில் அவர் மற்ற ஆண்களோடு வாசலுக்கு வெளியே கைகட்டி நிற்பவர். முழங்கால் தரையில் பட்டு எத்தனை வருசமோ.

"நேத்துப் பூசினது பச்சையாத்தான் ஈக்கி. இப்ப தோண்டினா எடுத்துறலாம்," என்றான் ஷிராஸ்.

"தோண்டிட்டு மேனேஜர் சார்கிட்ட என்னான்னு சொல்றது? நாளைக்கே வேற பாஸ கூட்டிட்டு வந்து மூடுவாங்க."

"அப்ப மூடுறது அவர்ட கையா ஈக்கும். உங்கட கை இல்லயே."

லியோன் கலவைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். ஷிராஸ் எழுந்து இடம் விட்டான். கடைசிச் சோடியும் நிரம்பியது, மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக. அரைகுறையாகப் பூச அவருக்கு வராது. தன் கைமேல் அவருக்கு வெட்கம் வந்தது அன்றைக்குத்தான்.

தரை இறுகியபின் மேனேஜர் சாந்தகுமார் வந்து, சப்பாத்துக் காலால் மண்டபம் முழுக்க வழுக்கிப் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாஸ். பள்ளம் கிள்ளம் எங்கயும் விட்டுப் போகலையே?"

"இல்லைங்க சார்."

தரையைப் பார்க்காமல் மண்டபத்துச் சாவியை நீட்டினார் லியோன்.