அம்மா நிறுத்திய ஓட்டம்

மறதி நோயாளிகளுக்கு நிதி சேர்க்கக் கல்லடிக் கடற்கரை வீதியில் ஓட்டப்போட்டி. அம்மாவுக்கும் அந்த நோய்தான். அவருக்காகத்தானே ஓடுகிறேன், பார்க்கட்டும் என்று கூட்டிப்போன என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நாங்கள் கூட்டமாக ஓடிவருவதைக் கண்டதும் அம்மா வீதியோரக் கதிரையை விட்டு எழும்பி வந்து என் கையைப் பிடித்தார்.

"கடல் வருது புள்ள. மேல ஏறு."

சுனாமியன்று சனம் இப்படித்தான் ஓடியது. எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

"இது சும்மா ஓடுறதும்மா. விடுங்க."

விடாமல் ஒரு கடையின் மாடிப்படியில் என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். மாதக்கணக்கில் ஓடிப் பழகியதெல்லாம் அந்தப் படியோடு சரி. எரிச்சலில், "நான் ஆரெண்டாவது தெரியுமா?" என்றேன்.

"ஆருட புள்ளயோ, தெரியா. கைய விட்டிராத."

அம்மாவுக்காக ஓடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். அம்மா யாரோ ஒருத்திக்காக ஓடினார்.