உயர வரிசையில் ஓர் உறுதிபூசுதல்

எங்கள் மாதா கோயில் பங்குப்பேரவைச் செயலாளருக்குக் கடவுள் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று எனக்குத் தெரியாது. போட்டோக்காரர் மேல் நிறைய உண்டு.

என் தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பெருந்துறை ஆஸ்பத்திரியிலிருந்தே போன் செய்தாள்.

"அண்ணா, நீதான் ஞானத்தகப்பனா நிக்கோணும். வேற ஆரு நின்னாலும் நான் தண்ணி ஊத்த உடமாட்டேன்."

ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்பவர், ஆயர், அதாவது பிஷப், நெற்றியில் எண்ணெய் பூசித் தரும் உறுதிபூசுதலைப் பெற்றிருக்க வேண்டும். சான்றிதழுக்காகக் கருமத்தம்பட்டியில் எங்கள் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் பழைய பதிவேட்டைப் புரட்டினார். என் பெயர் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். என் பதின்மூன்றாவது வயதில், ஆயர் பூசையின் நடுவே இறங்கி வந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் என்னைக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கோயிலுக்குப் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசிப் பாட்டு கேட்ட பிறகுதான் எழுந்து வந்தேன். வீட்டில், வாங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குக் கல்யாணமும் ஆகாததால் அந்தச் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

"நாப்பத்தேழு வயசுல உறுதிபூசுதலா!" என்றார் செயலாளர், வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "செரி, என்ன பண்றதுங்க தம்பி. ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு பசங்களோட ஒக்காந்துக்குங்க. முட்டாய் எல்லாம் உண்டுங்க."

நான் விசைத்தறி ஓட்டுகிறவன். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அப்படிப்பட்டவன் மூன்று மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு, முழங்கால் நுழையாத பெஞ்சில் உட்கார்ந்தேன். செயலாளர்தான் பாடம் எடுத்தார். பாடம் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. தூய ஆவியின் கொடைகளை ஒரு ஞாயிறு அவசரமாக ஒப்பித்தார். மற்ற ஞாயிறுகளில் ஆயருக்குச் செண்டை மேளம் வைப்பதா, பேண்டு வைப்பதா, சால்வையை யார் போர்த்துவது, பிளெக்ஸில் யார் படம் எந்த அளவில் வருவது என்பதையெல்லாம் விளக்கினார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முந்தின வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பாவங்களை அவரே டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்திருந்தார். தம்பி தங்கையை அடித்தேன், வீட்டுப்பாடம் எழுதாமல் பொய் சொன்னேன், பூசையில் பேசினேன். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"எனக்கு வேற இருக்குதுங்க" என்றேன்.

"அட, அதுல இருக்கறதையே சொல்லிப்போடுங்க தம்பி. சாமியாருக்கு நேரமில்ல."

மற்றவர்களின் பாவத்தைக்கூட எழுதிக் கொடுக்கும் அளவுக்கு மனிதனுக்குத் தன்மேல் நம்பிக்கை இருக்க முடியும் என்பதை அன்றுதான் கண்டேன். மனதுக்குள் திட்டுவதில்தான் நான் கெட்டிக்காரன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் தங்கையின் மாமியார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் தம்பி ஞானத்தகப்பனாக நிற்கத் தயாராக இருந்தார். "இந்தத் தடவை ஓடிப்போயிறாத அண்ணா" என்றாள் தங்கை. கல்லறைத் தோட்டத்து விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆயர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். செண்டை மேளக்காரர்கள் அதுவரை மூன்று தடவை டீ குடித்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் செயலாளர் தன் கையால் ஒரு அட்டையில் எழுதி, வரிசைப்படி தட்டில் அடுக்கியிருந்தார். நாங்கள் ஒவ்வொருவராக ஆயர் முன்னால் போக வேண்டும். செயலாளர் அட்டையை எடுத்துக் காட்டுவார். ஆயர் அந்தப் பெயரைச் சொல்லி நெற்றியில் எண்ணெய் பூசுவார். நாம் ஆமென் சொல்ல வேண்டும். உறுதிபூசுதலுக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும்; எனக்கு நிற்பது செயலாளரே. கேட்க ஆளில்லாதவர்களுக்கெல்லாம் அவர்தான். படத்தில் விழலாம் அல்லவா?

பூசை தொடங்கும் முன் போட்டோக்காரர், "வரிசை மேடும் பள்ளமுமா இருக்குதுங்க" என்றார். உடனே செயலாளர் எங்களை உயரப்படி மாற்றி நிறுத்தினார். குட்டைப் பிள்ளைகள் முன்னால், நான் கடைசியில். போட்டோக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். தட்டில் இருந்த அட்டைகளை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வரிசை நகர்ந்தது. ஆயர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, அட்டையையும் நெற்றியையும் மட்டும் பார்த்து மெல்லத்தான் பேசினார். என் முறை வந்ததும் செயலாளர் இடது கையில் தட்டும் வலது கை என் தோளிலுமாக நின்று, போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தார். ஆயர் தட்டில் மிஞ்சியிருந்த அட்டையைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு பெண்பிள்ளையின் பெயரைச் சொன்னார்.

நான் அட்டையை எட்டிப் பார்த்தேன்.

"ஆமென் சொல்லுங்க தம்பி" என்று காதில் கிசுகிசுத்தார் செயலாளர். தோளை அழுத்தினார். "லேட்டாகுது, சொல்லிப்போடுங்க."

ஒரு சொல்தான். சொல்லியிருந்தால் அவரவர் வீட்டுக்குப் போயிருப்போம். அந்த எண்ணெயும் பெயரும் வேறு யாருக்கோ உரியவை என்ற நினைப்போடு தங்கையின் குழந்தையைக் கையில் வாங்கியிருப்பேன்.

"இது நானில்லீங்க" என்றேன். ஆயர் தள்ளி வைத்த மைக் என் பக்கத்தில் இருந்ததால் கோயில் முழுவதும் கேட்டது.

ஆயர் எண்ணெய்க் கட்டைவிரலை அந்தரத்தில் நிறுத்தி, "அப்ப உங்க பேரென்ன?" என்றார்.

முப்பத்து நான்கு வருடமாக நான் பயந்த கேள்வி அவ்வளவுதான். பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

"மத்தவங்களுக்கெல்லாம்?" என்று ஆயர் செயலாளரைக் கேட்டார்.

"எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது ஆண்டகை."

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். "எனக்குப் பையன் பேரச் சொன்னீங்க." அவள் தைரியத்தில் இன்னொருவன், பிறகு ஒவ்வொருவராக. அத்தனை பேரும் அடுத்தவன் பெயருக்கு ஆமென் சொல்லிவிட்டு வந்து பவ்யமாக உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர்கள் போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர்களுக்கும் கேட்கவில்லை. பெயர் மாறினாலும் அருள் மாறாது, பதிவேட்டில் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஆயர் என் நெற்றியில் என் பெயரைச் சொல்லிப் பூசினார். நான் ஆமென் சொன்னேன்.

மறுநாள் சான்றிதழ் வாங்கப் போனபோது செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க சும்மா இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுங்க தம்பி. இத்தனை செலவு பண்ணுன விழாவைக் கெடுத்துப்போட்டீங்க."

அலுவலகத்தில் இருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அடுத்த முறை ஆயர் வரும்போதும் தட்டுப் பிடிக்கப்போவது அவர்தான். இவர்களுக்கு அதுதான் தகும். பையில் இருந்த பாவங்களின் ஜெராக்ஸ் தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பெருந்துறைக் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம். மேளமும் இல்லை, போட்டோக்காரரும் இல்லை. தங்கை குழந்தையை என் கையில் கொடுத்தாள். அங்கிருந்த சாமியார், "குழந்தைக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார். மாமியார் வாயெடுக்கும் முன்னால் நான் சொன்னேன்.

"மெதுவா அண்ணா" என்றாள் தங்கை. "புள்ள முழிச்சுக்கும்."