பச்சையைப் பார்த்து வீடு பிடித்தவன்

ராயபுரத்தில் கோடை மத்தியானத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. "காத்து வந்துச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் இரும்புப் பட்டறையில், சித்திரை பிறந்துவிட்டால், உச்சிவெயில் சாய்கிற நேரத்துக்குச் சுத்தியல் சத்தம் தானாகக் குறையும். எல்லோரும் கிழக்கே திரும்பி வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். கடல் காற்று வந்தால் ஒரு கூச்சல். வராவிட்டால் எழுதக்கூடாத வசவு. முதல் தடவை இதைப் பார்த்தபோது யாரோ பெரிய துரை வரப்போகிறார் என்று நினைத்து நானும் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். பட்டறையில் அந்தச் சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

தேயிலை விலை விழுந்து ஃபாக்டரிகளில் ஆள் குறைத்தபோது இலங்கை மலைநாட்டுப் பதுளையை விட்டு வந்தவன் நான். அங்கே எஞ்சின் பிட்டராக இருந்தேன். இப்போது மலைநாட்டிலிருந்து பலர் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள்: நாங்களும் வரலாமா, அங்கே கோடை எப்படி, மரம் செடி உண்டா? நயமாக எழுத எனக்கு வராது. கோடை, கொல்லும். மரம், இல்லை. பச்சை உண்டு. அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், வயிற்றைக் குமட்டினால் என்னைத் திட்டவேண்டாம்.

நான் வந்தது மார்கழியில். மழை பெய்து ஓய்ந்திருந்தது. குளிர் கூட இருந்தது. இதையா அடுப்பு என்று சொல்லிப் பயம் காட்டினார்கள் என்று எண்ணினேன். வியாசர்பாடியில் வீடு தேடியபோது, ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே, மேற்குப் பக்கம் முழுக்கப் புல்வயல். அப்படி ஒரு பச்சை. நான் பிறந்தது முதல் கண்ணைத் திறந்தால் தேயிலைச் சரிவுதான். ஓர் இடம் பச்சையாக இருந்தால் அங்கே தண்ணீர் சுத்தம், காற்று சுத்தம் என்பது எங்களுக்குத் தெரிந்த ஒரே கணக்கு. அறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. முன்பணம் கொடுத்தேன். "நம் ஊர் மாதிரியே இருக்கிறது, கமலத்தைக் கூட்டிக்கொண்டு வா" என்று மனைவி லெட்சுமிக்கு எழுதிப் போட்டேன். கமலம் எங்கள் மகள். மூன்று வயது. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போயறியாத பிள்ளை.

அவர்கள் பங்குனியில் கப்பலேறி வந்தார்கள். அதற்குள் காற்று திரும்பிவிட்டது. மார்கழியில் கடல் பக்கமிருந்து வீசிய காற்று நாற்றத்தை வீட்டைத் தாண்டி மேற்கே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. இப்போது மேற்கிலிருந்து அனலாக வீசி, அந்த வயலில் இருந்த அத்தனையையும் வாரிக்கொண்டு வந்து எங்கள் அறைக்குள் கொட்டியது. லெட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்தாள். பிள்ளை உடம்பு முழுக்க வேர்க்குரு. பிறகு தலையில் கட்டி. படுத்தால் கட்டி உறுத்தி அழும், அழுதால் வேர்க்கும், வேர்த்தால் சொறியும். சோற்றைத் தொடவில்லை. பால் மட்டும்தான் குடித்தது.

பால் கொண்டுவருகிறவள் கன்னியம்மா, அந்தத் தெருவிலேயே எருமை கட்டிக் கறக்கிறவள். ஒரு நாள் காலையில் அவளிடம், "எங்கோ எலி செத்துக் கிடக்கிறது போலிருக்கிறது, நல்ல புல்வயல், அதைத் தேடி எடுத்தால் என்ன?" என்றேன். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எலியா! இன்னா நைனா நீ, எத்தினி மாசமா இங்க குந்திகினு கீற? அந்தப் புல்லுக்கு இன்னா தண்ணி பாயுதுன்னு தெரியாதா உனுக்கு?"

"ஆற்றுத் தண்ணீர்தானே?"

"ஆத்துத் தண்ணியாம்! பட்டணத்துக் கக்கூஸ் தண்ணி நைனா. மொத்த ஊரும் கயுவி ஊத்துறது இங்கதான் வந்து பாயுது. அதான் புல்லு அப்பிடித் தளதளன்னு கீது."

"உன் எருமை என்ன தின்கிறது?"

"அந்தப் புல்லுதான். பின்ன, பிரியாணியா துண்ணும்? அதனாலதான் பாலு இந்தக் கெட்டி."

இவ்வளவு நாளும் வாசலில் உட்கார்ந்து நெஞ்சு நிறைய மூச்சு வாங்கியிருக்கிறேன். பட்டறையில் எல்லோரிடமும் என் வீட்டுப் பச்சையைப் பற்றிப் பீற்றியிருக்கிறேன். குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வந்தது. கொல்லையில் போய் எடுத்துவிட்டு வந்தபோது லெட்சுமி அன்றைய பாலைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"பச்சையா இருக்குன்னு எழுதினீங்களே, கண்ணு இருந்துச்சே, மூக்கு எங்க போச்சு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பிள்ளை தூங்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு இடம் பாருங்க. இல்லாட்டி நான் தூக்கிக்கிட்டு பதுளைக்கே போறேன். தோட்டத்து லயத்துல கஞ்சி குடிச்சாலும் பரவாயில்ல. நீங்க இங்கயே தாய்நாட்டைக் கட்டிக்கிட்டுக் கிடங்க."

தாய்நாடு என்று அவள் சொன்னது என்னைக் குத்தத்தான். புறப்படும்போது அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லி வழியனுப்பினார்கள், உன் சொந்த நாட்டுக்குப் போகிறாய் என்று. என் அப்பாவே பிறந்தது பதுளையில். இங்கே என்னைக் 'கொழும்பான்' என்கிறார்கள்.

பட்டறையில் கேட்டு விசாரித்து, ராயபுரம் கல்மண்டபத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்தில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் தேசப்பன், கட்டுமரம் தள்ளுகிறவர். அங்கே ஓர் இலை கிடையாது. மணல், கருவாடு, துறைமுகத்திலிருந்து பறந்துவரும் கரித்தூள். லெட்சுமி சுற்றிப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கி வைத்தாள். அறையின் கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல். எங்கள் மலையில் காற்று வருகிற பக்கத்தை அடைத்தால்தான் பிள்ளை பிழைக்கும். அந்தப் பழக்கத்தில், மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே கோணியை எடுத்து ஜன்னலுக்கு ஆணி அடித்தேன். சத்தம் கேட்டுத் தேசப்பன் ஓடிவந்தார்.

"அடப்பாவி மாமு! ஊரே இந்தக் காத்துக்கு நாக்கத் தள்ளிகினு கீது, நீ கோணி போட்டு மூட்றியே?"

"பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

"சளியா? சித்திரைலயா? நவுரு மாமு!" என்று கோணியை ஒரே இழுப்பில் பிய்த்தார். "கொயந்தய இப்டிப் படுக்க வை. கம்முனு குந்து. வரும் பாரு."

உட்கார்ந்தோம். கமலம் சிணுங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி மூட்டையைப் பிரிக்கவே இல்லை, கையை அதன்மேல் வைத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு குப்பத்தில் யாரோ கத்தினார்கள். மணல் லேசாக நகர்ந்தது. ஜன்னல் வழியாக, கருவாட்டு வாடையோடுதான், அது வந்தது. பிள்ளையின் தலைமயிர் அசைந்தது. சொறிந்துகொண்டிருந்த கை நின்றது. கொஞ்சநேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனது. லெட்சுமி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள்.

ஆகவே வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மார்கழியில் வந்து இந்த ஊரை எடை போடாதீர்கள். பச்சையை நம்பாதீர்கள், அது என்ன குடித்து வளர்கிறது என்று கேளுங்கள். ஜன்னல் கிழக்கே இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு வரவேண்டுமா என்று கேட்டால், எனக்கு இந்த ஊர் அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளை இங்கே தூங்குகிறது.

சாயங்காலம் பட்டறை விட்டதும் சட்டையைக் கழற்றிக் கரையில் உட்காருகிறேன். காற்று தென்கிழக்கிலிருந்து, அதாவது நான் விட்டுவந்த தீவுப் பக்கமிருந்து வருகிறது. முதுகுக்குப் பின்னால், என் சொந்த நாடு என்று எல்லோரும் சொல்கிற நிலம், பகல் முழுக்கக் குடித்த அனலைக் கக்கிக்கொண்டிருக்கிறது. என் நெஞ்சில் வேர்வை காய்ந்துவிடுகிறது. முதுகு மட்டும் காய்வதே இல்லை.