அறைக்குள் வந்த வெள்ளை மண்

சக்ரபாணி யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார். ஸ்ரீரங்கத்து வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். "என்னையாவது நம்பறேளா?" என்று மனைவி கோதைநாயகி கேட்டால், பஸ் பிடிக்கப் போய்விடுவார்.

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் எக்ஸ்ரே கருவி அவர் பொறுப்பு. ஆய்வு மாணவர்கள் உருவாக்கும் புதுப் பொருளைப் பொடியாக்கி வைத்தால், அதில் என்னென்ன இருக்கிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். பிள்ளைகள் அரைப்பது சரியில்லை என்று, அரைக்கும் வேலையையும் சமீபத்தில் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கோடு தலைதூக்கியது. ஏதோ வெள்ளை மண் கலந்திருந்தது. ஷரபுன்னிசா என்ற மாணவி பாடுபட்டுத் தயாரித்த பொடி வீணாய்ப் போனது.

சந்தேகம் நேரே வீராயி மேல் விழுந்தது. உறையூரிலிருந்து வந்து அறை பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அவள். "தூசியக் கிளப்பறதே அவதான்" என்று துறைத் தலைவரிடம் போட்டுக்கொடுத்தார். வீராயி வாசலோடு நிறுத்தப்பட்டாள். மாதக் கடைசியோடு வேலையும் போகும் என்றார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க சார். இத நம்பித்தான் பொழப்பு ஓடுது" என்று அவள் அழுததைச் சுத்த நடிப்பு என்றே நினைத்தார்.

கோடு மறையவில்லை. ஷரபுன்னிசாவே ஏதாவது தில்லுமுல்லு செய்கிறாளோ? அவளையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார். காற்றில் ஏதும் வந்துவிடக் கூடாதென்று ஏசியையும் அணைத்தார். வியர்த்துக் கொட்டியது. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கல்லுரலுக்குள் முகத்தை விடாத குறையாகக் குனிந்து அரைத்தார்.

கறுப்புப் பொடியின் மேல் ஒரு வெள்ளைத் துணுக்கு விழுந்தது. அண்ணாந்தார். மேலே ஒன்றுமில்லை. அப்புறம்தான் கை நெற்றிக்குப் போனது. காலையில் இட்ட திருமண் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

யாரும் பார்க்கவில்லை, அப்படியே அமுக்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவமானமாக இருந்தது. துறைத் தலைவரிடம் போய் நடந்ததைச் சொல்லி, வீராயியின் வேலையைக் கெஞ்சிக் காப்பாற்றினார்.

மறுநாள் அவள் வாசலில் தயங்கி நின்றாள்.

"உள்ள வாம்மா. தப்பு என்னோடது. என் நெத்தி மண்ணுதான் விழுந்திருக்கு."

வீராயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"அப்ப, உங்களையும் வெளிய நிப்பாட்டிட்டாங்களா சார்?"