என்னோடு பரீட்சைக்கு வந்த சின்யோரா

இரண்டு வருடங்களுக்கு முன், ஜூலை மாதக் கடைசியில், இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், கடலுக்கு அப்பாலிருந்து சுடுகாற்று வந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் நடந்தது இது.

இத்தாலிக்கு வந்த நாள் முதல் வீட்டு வேலையும், முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும்தான் எனக்கு. மகள் கொஞ்சம் பெரியவளானதும், ஒரு துணிச்சலில் பல்கலைக்கழகத்தில் சமூக சேவைப் படிப்பில் சேர்ந்தேன். துணிச்சலைக் கொடுத்தது போர்சா. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்குக் கிடைக்கும் புலமைப்பரிசிலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அது கிடைத்தால் கட்டணம் இல்லை, கையிலும் கொஞ்சம் வரும். எனக்குக் கிடைத்தது. கிடைத்த அன்று என் கணவர் தெருவில் எதிரே வந்தவருக்கெல்லாம் சொன்னார்.

ஆனால் அதைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு விதி இருந்தது. ஒவ்வொரு பாடமும் சித்தியடையும்போது கிடைக்கும் கிரெடிட், முதல் வருடத்தில் இத்தனை என்று ஒரு கணக்கு. அதை ஆகஸ்டில் ஒரு திகதிக்கு முன் எடுத்து முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சப் பணம் வராது, அடுத்த வருடமும் கிடைக்காது.

நான் ஒரு பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் எடுத்திருந்தேன். அந்த ஒன்று சட்டம். ஜூனில் அதற்குப் போனேன். இங்கே அனேகமான பரீட்சை வாய்மொழிதான். பேராசிரியர் கேள்வி கேட்பார், எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். முடிவில் புள்ளியைச் சொல்லி, "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார். வேண்டாமென்றால் இன்னொரு முறை வரலாம். எனக்குச் சொன்னது ஆகக் குறைந்த சித்திப் புள்ளி. எங்கள் ஊரில் புலமைப்பரிசில் என்றாலே புள்ளிதானே! இந்தப் புள்ளியைக் கொண்டுபோனால் போர்சா பறிபோய்விடும் என்று பயந்து, பெரிய மனுஷி போல "வேண்டாம்" என்று எழும்பி வந்துவிட்டேன். வெளியே நின்ற ஒரு இத்தாலியப் பெண், மூக்குத்தி போட்டவள், நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். போர்சாவுக்குப் புள்ளி பார்ப்பதில்லையாம். கிரெடிட் மட்டும்தானாம். சித்தியடைந்தால் போதுமாம்.

அதனால் ஜூலைக் கடைசியில் வந்த அந்தப் பரீட்சைதான் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி.

அப்போது நான் போர்கோ வெக்கியோப் பகுதியில் ஒரு சின்யோராவை, அதாவது தனியே இருக்கும் வயதான அம்மா ஒருவரை, பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் துறைமுகத்தில் வேலை செய்து காலமானவர். ஒரே மகன் வடக்கே மிலானில். சின்யோராவுக்குக் கண் கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. கால்தான் தளர்ந்துவிட்டது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் குளியலறையில் விழுந்த பிறகு அவரைத் தனியே விட முடியாது. அன்று காலை என் இடத்தில் வந்து நிற்பதாக ஒரு தோழி சொல்லியிருந்தாள். நான் சின்யோராவுக்குக் கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவளிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, கோவிக்காதையுங்கோ. ராவு முழுக்கக் காய்ச்சல். எழும்பவே ஏலாமல் கிடக்கு."

கணவருக்கு எடுத்தேன். அவர் வியா மக்வேதாத் தெருப் பக்கம் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார்.

"இண்டைக்கு ரெண்டு பேர் வரேல்லையப்பா. நான் இப்ப வெளிக்கிட்டால் நாளைக்கும் வரவேண்டாமெண்டு முதலாளி சொல்லிப்போடுவான். நீர் சின்யோராவிட்டையே ஒருக்கால் கேட்டுப் பாருமன்."

சின்யோராவிடம் எதைக் கேட்பது? கோப்பியை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்தேன். கண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். என்ன நடந்ததென்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடுங்கினார். அவர் பேசுவது அசல் சிசிலிய மொழி. அதைச் சொல்ல எனக்கு எங்கள் ஊர்த் தமிழ்தான் வாயில் வருகிறது.

"ஏன் பிள்ளை குந்திக்கொண்டு இருக்கிறாய்? என்ரை நீலச் சட்டையை எடு. அந்த முத்துத் தோட்டையும் எடு. அமுனீ!"

அமுனீ என்றால் 'நட, போவோம்.' பலெர்மோவில் அதற்குப் பிறகு மறுபேச்சு இல்லை.

டாக்சி பிடித்துப் போய் இறங்கினோம். ஒரு கையில் தடி, மறுகையில் விசிறி, உதட்டில் சிவப்புச் சாயம். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல சின்யோரா படியேறினார். வரிசையில் மாணவர்கள் நிறைய நின்றார்கள். அந்த வெக்கையில் அவரை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அதே மூக்குத்திப் பெண் வந்தாள். தண்ணீர்ப் போத்தலைச் சின்யோராவிடம் நீட்டி, "இவவின்ரை பாட்டியோ?" என்று கேட்டாள்.

"பாட்டி இல்லை," என்றார் சின்யோரா. "நான்தான் இவளின்ரை வேலை."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. அடுத்ததாகப் போக வேண்டியவள் அவள்தான். யாரும் கேட்காமலே தன் இடத்தை எனக்குத் தந்துவிட்டுக் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள்.

வாய்மொழிப் பரீட்சையை இங்கே யாரும் உள்ளே இருந்து கேட்கலாம். சின்யோரா முன் வாங்கிலேயே போய் உட்கார்ந்தார். பேராசிரியர் ஜூனில் கேட்ட அதே நடுவயதுப் பெண்தான். ஒப்பந்தம் பற்றி முதலில் கேட்டார். புத்தகத்தில் இருந்த இத்தாலிய மொழி என் வாயில் கல்லாக உருண்டது. பாதி சொன்னேன், பாதி விழுங்கினேன். அவர் முகத்தில் ஜூன் மாதம் திரும்பி வந்ததைக் கண்டேன்.

"சரி," என்றார். "தன் காரியங்களைத் தானே கவனிக்க முடியாத ஒரு முதியவருக்கு நீதிமன்றம் உதவியாளரை நியமிப்பது பற்றிச் சொல்லுங்கள்."

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பின்னால் தடி நிலத்தில் 'டொக்' என்று இடித்தது.

"என்ரை தலைக்கு ஒண்டுமில்லை!" சின்யோரா எழும்பி நின்றார். "எனக்கு எல்லாம் விளங்கும்! என்ரை கையெழுத்தை நான்தான் வைப்பன்!"

அறை முழுவதும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு முட்டியது, அழுகையும் முட்டியது. பரீட்சை போயிற்று, போர்சாவும் போயிற்று என்று நினைத்தேன். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. யார் இவர் என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்ளும் அம்மா, வீட்டில் விட ஆளில்லை என்றேன். பேராசிரியர் சின்யோராவின் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்படியென்றால் எனக்குச் சொல்ல வேண்டாம். அவருக்கு விளங்கப்படுத்துங்கள்."

நான் கதிரையைத் திருப்பினேன். சின்யோராவும் நானும் சமையலறையில் தினமும் பேசும் பேச்சு ஒன்று இருக்கிறது. பாதி இத்தாலி, பாதி சிசிலி. அது எனக்கு எங்கும் தட்டாது.

"சின்யோரா, இருங்கோ. இது தலை பழுதான ஆக்களைப் பிடிச்சு அடைக்கிற சட்டமில்லை. ஆரோ வந்து சொன்னதெண்டு உங்கடை காரியத்தை ஒருத்தரும் பறிக்கேலாது. நீதிபதி முதல்லை உங்களைத்தான் காணவேணும். உங்கடை வாயாலை கேக்கவேணும்."

"நான் வேண்டாமெண்டால்?"

"அதையும் அவர் கேட்டுத்தான் முடிவெடுக்கவேணும். உதவிக்கு ஒருத்தரை விட்டாலும், அவர் பாக்கிற காரியம் இன்னது எண்டு எழுதிக் குடுப்பினம். மிச்சமெல்லாம் உங்கடை கையிலைதான். செய்யிறதை உங்களுக்குச் சொல்லித்தான் அவர் செய்யவேணும். வங்கிக்கு அவர் போனாலும், சந்தையிலை மீன்காரனோடை சண்டை பிடிக்கிறது நீங்கள்தான்."

பேராசிரியர் இடையிடையே கேள்வி போட்டார். உதவியாளர் ஒழுங்காக நடக்காவிட்டால்? இருவருக்கும் ஒத்துவராவிட்டால்? எல்லாவற்றுக்கும் நான் சின்யோராவைப் பார்த்தே பதில் சொன்னேன். படித்தது எனக்குள்தான் இருந்திருக்கிறது. சொல்ல ஒரு ஆள் முன்னால் இல்லாமல்தான் இவ்வளவு நாளும் வராமல் கிடந்திருக்கிறது.

பேராசிரியர் புள்ளியைச் சொன்னார். ஒப்பந்தத்தில் தடுமாறியதற்குக் குறைத்து, மற்றதற்குக் கூட்டி, ஜூனில் சொன்னதைவிட எவ்வளவோ மேல். "ஏற்றுக்கொள்கிறீர்களா?"

கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூக்குத்திப் பெண் "ஓம் எண்டு சொல்லுங்கோ!" என்று கத்தினாள். நான் சொல்லுமுன் சின்யோரா விசிறியை மடக்கினார்.

"ஏற்றுக்கொள்ளுறம்!"

இந்த முறை பேராசிரியரும் சிரித்துவிட்டார்.

திரும்பி வரும் டாக்சியில் நான் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தேன். சின்யோரா தலையைச் சாய்த்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். களைப்பாக்கும் என்று நினைத்தேன். துறைமுகம் தெரியத் தொடங்கியதும் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, நீ அங்கை சொன்னது சோதனைக்குச் சொன்னதோ, உண்மையோ?"

"உண்மைதான் சின்யோரா. ஏன்?"

மகன் சில வாரங்களாக உறவினர் ஒருவரோடு தொலைபேசியில் கதைக்கிறாராம். அம்மாவுக்கு இனி ஒன்றும் விளங்காது, வீட்டை விற்க நீதிமன்றத்தில் ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று. சின்யோராவுக்குக் காது கேட்காது என்று நினைத்து, அவர் பக்கத்தில் இருந்தே அந்த உறவினர் தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுக் கதைத்தாராம். சின்யோரா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயமாம்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோமே, அந்தக் கத்தலுக்குள் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. நாள் முழுவதும் பக்கத்தில் இருக்கும் எனக்கே தெரியவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பல்கனியில் நின்று எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கூவினார்: "நாங்கள் பாஸ்!" பிறகு மிலானுக்கு எடுக்கச் சொன்னார். "ஓகஸ்ட்டிலை வா," என்றார் மகனிடம். "வீட்டைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் எனக்கு முன்னாலை இருந்து கதை." மகன் வந்தார். இரண்டு நாள் சண்டை பிடித்தார்கள், மூன்றாம் நாள் சேர்ந்து கடலுக்குப் போனார்கள். வீடு இன்னும் சின்யோராவின் பெயரில்தான் இருக்கிறது. நான் இன்னும் காலையில் அவருக்குக் கோப்பி ஊற்றுகிறேன். கசப்புக் காணாது என்று இன்றைக்கும் குறை சொல்கிறார்.

போர்சா எனக்குத் தொடர்ந்து வந்தது. இப்போது பயிற்சிக்காக ஒரு அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கே முதியவர்களைப் பற்றிக் கூட்டம் கூடிக் கதைப்பார்கள். எவருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கிறோமோ அவர் அந்த அறைக்குள் இருக்கிறாரா என்று முதலில் தேடிப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்துதான் எனக்கு வந்தது. இல்லையென்றால், அவருக்கும் ஒரு கதிரை போடும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.