பூஜைக்கு அணைத்த சர்வர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலை, ராஜபாளையம் மில் ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் யாராலும் நுழைய முடியவில்லை. பில் போட முடியாமல் நூல் லாரி கேட்டில் நின்றது. யார் யார் உள்ளே நுழையலாம் என்ற அனுமதி விதிகள் இருக்கும் பொது ஃபோல்டர், விடுமுறைக்கு முன் நான் மாட்டிய புது சர்வரில் இல்லை. அது நகலாகி முடியுமுன்பே மேனேஜர் பழைய சர்வரை அணைத்து, பொட்டு வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் குடோனுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

குடோனுக்கு பஸ்ஸில் போய், சந்தனம் காய்ந்த அந்தச் சர்வர் பெட்டியை மடியில் வைத்துத் திரும்பினேன். கால் மரத்துவிட்டது.

“செத்த நேரம்னு சொன்னீய. நூலே நரைச்சிரும் போல, சார்,” என்றார் லாரி டிரைவர்.

பழையதை ஓடவிட்டு ஃபோல்டரைப் புதியதில் சேர்த்தேன். பில் வந்தது, லாரி கிளம்பியது.

“இனி பழசை அணைச்சிரலாம்ல?” என்றார் மேனேஜர்.

“எப்பன்னு நான் சொல்றேன், சார்,” என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.