கனமான பெட்டி

டெல்லி ஓரத்தில், பவானாவில் நான் வேலை பார்க்கும் வார்ப்புத் தொழிற்சாலையில் எதுவும் வீணாகாது. உருக்கிய அலுமினியத்தை அச்சில் பாய்ச்சி பைக் பாகங்கள் செய்கிறோம். உடைந்தது, கோணலானது எல்லாம் மறுபடி உலைக்கே போய்விடும். பக்கத்து மெஷினில் குழாய்ப்பிடிகள் செய்கிற துத்தநாகம் மட்டும் அதில் கலந்துவிடக் கூடாது; கலந்தால் வார்த்தது விரிசல் விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கழிவைப் பிரிக்கிற வேலை ஓர் அக்காவுடையது. டெல்லியில் தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் வீடு இடிபட்ட பிறகு, பக்கத்து நரேலாவுக்கு வந்தவர். கையில் எடுத்ததுமே சொல்லிவிடுவார்: லேசாக இருந்தால் அலுமினியம், கனத்தால் துத்தநாகம்.

அன்று உலை காத்திருந்தது. ஓரமாக இருந்த பெட்டியைக் கொட்டச் சொன்னேன்.

"இருங்க தம்பி. அந்தப் பெட்டிய நான் இன்னும் பாக்கல. தூக்கும்போதே கனக்குது."

"இன்ஜினியர் நீங்களா, நானா? ஜல்தி கொட்டுங்க அக்கா!"

என்ன திமிர் எனக்கு! அவர் கொட்டினார். மறுநாள் பார்த்தால், வார்த்த இன்ஜின் மூடிகள் அத்தனையும் விரிசல் விட்டிருந்தன.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு, யார் வேலை இது என்று இந்தியில் கேட்டார். அக்காவுக்கு என்னைவிட நன்றாக இந்தி வரும். அவர் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன். அதற்குள் தமிழில் முந்திக்கொண்டேன். முதலாளிக்குப் புரியாது என்ற தைரியம்தான், வேறென்ன?

"அக்கா, நீங்களே ஒத்துக்குங்க. திட்டுவாரு, அவ்ளோதான். மிச்சத்த நான் பாத்துக்கறேன். நம்ம ஆளுங்கள விட்டுருவேனா?"

அக்கா முதலாளியிடம் திரும்பி, தப்பு தன்னுடையதுதான் என்று தெளிவான இந்தியில் சொன்னார். முதலாளி திட்டவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். "அச்சா சார்" என்று நான் தலையாட்டினேன். சீ, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

விரிசல் விட்ட மூடிகளை நாங்கள் தூக்கிப் போடவில்லை. புது அலுமினியத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து உருக்கி, எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம்.

அக்கா திங்கட்கிழமைதோறும் போன் செய்வார்.

"தம்பி, மொதலாளிக்குக் கோவம் ஆறிடுச்சா? நாளைக்கு வரட்டா?"

"இன்னும் கொஞ்சம் பொறுங்க அக்கா" என்பேன். அவருக்காக முதலாளியிடம் ஒரு வார்த்தைகூட நான் பேசியதில்லை.

போன திங்கட்கிழமை போன் வரவில்லை. சாயந்திரம் வரை பார்த்தேன். பிறகு, அப்பாடா என்று மூச்சு விட்டேன். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.